ஃபிரிட்ஜுக்குள் இரண்டு மலைகள்

தெருவில் அவளுக்கு வண்டுக்காரம்மா என்று பெயர். வண்டுக்காரர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகியும் பட்டம் மட்டும் போகவில்லை.

ஃபிரிட்ஜைத் திறந்த மகள் அலுத்துக்கொண்டாள். "ஏம்மா, இதுல மனுஷங்க திங்கிற மாதிரி ஏதாவது இருக்கா?"

"கொண்டுவந்து குடுத்தவளே நீதானே, பேசாம இரு."

காய்கறித் தட்டில் ஈரமண் நிரப்பிய டப்பா. அதற்குள் இரண்டு தரைவண்டுகள். பெண் வண்டு பெரிய மலை உச்சியில் கல்லடியில் பிடித்தது, ஆண் எதிரே உள்ள சின்ன மலையில். மகள்தான் ஐஸ் பெட்டியில் வைத்து இறக்கிக்கொண்டு வந்தாள்.

அந்தக் காலத்தில் ஐஸ் பெட்டிக்கு எங்கே போவது? பஸ் ஏறுவதற்குள் வெயிலில் வண்டுகள் செத்துவிடும். செத்ததை வைத்துக்கொண்டே, இரண்டும் ஒரே இனமா வேறா என்று புருஷனும் பெண்டாட்டியும் ஆயுசுக்கும் சண்டை போட்டார்கள். வேலை பார்த்த மியூசியத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மைக்ராஸ்கோப். யார் முதலில் பார்ப்பது என்பதிலேயே தகராறு தொடங்கிவிடும். அடடா, என்ன சுகமான சண்டை!

"பறக்கத் தெரியாத ஜீவன்," என்பார் அவர். "பனியுகத்துல ஊரே குளிரா இருந்தப்ப பள்ளத்தாக்குல நடந்து போய் வந்துச்சு. சூடு ஏறினதும் ஆளுக்கொரு உச்சிக்குப் போயிடுச்சு. அதுக்கப்புறம் பொண்ணு குடுக்கல, பொண்ணு எடுக்கல. பின்ன எப்படி ஒரே இனமா இருக்கும்? சின்ன மலைக்காரன் காலைப் பாரு, சிவப்பு!"

"வெயில்ல நடந்தா உங்க மூக்கும்தான் சிவக்குது. நீங்க வேற இனமா? ரெண்டையும் சேர்த்து வைங்க. முட்டை பொரியலேன்னா ஒத்துக்கறேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று இரண்டு பேரும் கடைசிவரை நின்றார்கள்.

இப்போது அவளுக்குத் தோற்க வேண்டும். முட்டை பொரியாவிட்டால் சின்ன மலை வண்டு தனி இனம். அதற்கு அவர் பெயரையே வைத்துவிடலாம். அந்த ஆசையில்தான் மூட்டுவலியோடு தினமும் குனிந்து டப்பாவைப் பார்க்கிறாள். வண்டுகள் கூடிய அன்றைக்கே ஆணைப் பிடித்துத் திட்டினாள்: "உனக்காக எவ்வளவு வாதாடினார் அந்த மனுஷன்! மானம் ரோஷம் இருக்கா உனக்கு? பார்த்த உடனேயேவா?" கூடினால் என்ன, முட்டை வீணாகிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

டப்பாவை வெளியே எடுத்து விரலால் மண்ணைக் கிளறினாள். நூல் மாதிரி ஒரு கறுப்புப் புழு நெளிந்தது. பக்கத்தில் இன்னும் நாலைந்து. எல்லாம் நல்ல சுறுசுறுப்பு.

தாலாட்டுக்குப் பதில் அந்தச் சண்டையைக் கேட்டு வளர்ந்தவள் மகள். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அப்பா தோத்துட்டாராம்மா?"

அம்மாவுக்குக் கண் கலங்கியது. "தோக்கலடி. பிரிஞ்ச மலை பிரிஞ்சதுதான். அவர் சொன்னபடி வேற இனமா ஆகத்தான் போகுது. இன்னும் ஒரு லட்சம் வருஷம் பொறுத்திருக்கலாம்."

மூடியை மெல்ல அழுத்தி மூடினாள்.

"அந்த மனுஷனுக்கு எல்லாத்துலயும் அவசரம். போறதுலகூட."