முப்பத்தொன்றாம் குழாயில் இரண்டு பேர்

1.

கணினித் திரையில் சிவப்பாகக் காட்டிய ஒரு வரியிலிருந்து இந்தக் கதை பிறந்தது. அந்த வரியை நான் அழித்திருக்க வேண்டும். அழிப்பதற்குத்தான் எனக்கு வேலை தந்திருந்தார்கள். 2007இல், தேயிலைத் தோட்டங்களில் எடுத்த ரத்தத்திலிருந்து வந்த மரபணுத் தரவுகளைச் சலித்துப் பழுதானவற்றை நீக்குவது பதுளையில் என் உத்தியோகம். அரிசியில் கல் பொறுக்குவதுதான். கதிரையில் உட்கார்ந்து பொறுக்கினேன், அவ்வளவே.

2.

முதல் தொடக்கம்: மடுல்சீமை மலைகளில் மூடுபனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தபோது—

(சீ! அந்தத் தோட்டம் இருக்கும் மடுல்சீமையை நான் அப்போது பார்த்ததேயில்லை. பனி இறங்கியதோ ஏறியதோ, எனக்கென்ன தெரியும்?)

இரண்டாம் தொடக்கம்: மனித குலத்தின் ரகசியம் நான்கே எழுத்துகளில்—

(இதை வாசித்தால் நானே புத்தகத்தை மூடிவிடுவேன்.)

சரி, நேரே சொல்கிறேன். ஒருவருக்கு மரபணு ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகள் இருக்கும்: தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. முப்பத்தொன்றாம் குழாயின் ரத்தத்தில் பல இடங்களில் மூன்றும் நான்கும் இருந்தன: இரண்டு பேரின் ரத்தம் கலந்தது போல.*

* குழாய்க்குரிய பாக்கியலெட்சுமி ஐந்து மாதக் கர்ப்பிணி என்று படிவம் சொன்னது. வயிற்றுப் பிள்ளையின் வேலையோ என்று ஒரு மணித்தியாலம் குழம்பினேன். பிள்ளையால் அவ்வளவு கலக்க முடியாதாம்.

3.

மேலதிகாரி மதுசூதனனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"தூக்கி எறியும் காணும். இருநூறு குழாயிலை ஒண்டு போனா குடியா முழுகிப் போகும்?"

"இல்லை சேர், முப்பதாம் குழாய் அவவின்ர புருஷன் நிரோஷன். அவருக்கு ரத்தத்திலை பரம்பரைக் குறை இருக்கு. அவவுக்கும் இருந்தா..."

இருந்தால், பிள்ளை மாதா மாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு வளர வேண்டி வரலாம். முன்கூட்டியே தெரிய வேண்டும். குழாயை நீக்கினால் அவளுக்கு முடிவுக் கடிதம் போகாது. கடிதம் வராவிட்டால் குறையில்லை என்றுதான் அவள் நினைப்பாள்.

சேர் தொலைபேசியை வைத்துவிட்டார். நான் மடுல்சீமைக்குப் பஸ் ஏறினேன்.

4.

(இங்கே வருகிற பெரியாயியை நீக்கிவிடலாமா என்று மூன்று தரம் யோசித்தேன். வாய் அதிகம். நீக்கினால் கதையே இல்லை.)

தோட்டத்து மருந்துசாலை நர்ஸையும் கையோடு கூட்டிக்கொண்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்துக்குப் போனேன். பாக்கியலெட்சுமி வாசலில் நின்றாள். ஊதினால் விழுந்துவிடுவாள் போலிருந்தாள்.

"அண்டைக்குக் குடுத்த ரத்தம் உங்கடதானே, தங்கச்சி?"

அவள் தலை குனிந்தாள். பக்கத்து வீட்டுப் பெரியாயிதான் பாய்ந்து வந்தாள்.

"ஏங்க, அவ ஒடம்புல ரத்தம் எங்கங்க இருக்கு? புள்ளத்தாச்சிங்க! கொழுந்து நிறுக்கையில அவளுக்குக் கிலோ கொறஞ்சா நாங்க ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுருவோம். அது மாதிரிதான். மொதல்ல நான் குடுத்தேன். பாதியில எனக்கு நரம்பு நின்னுருச்சு. மீதிய நம்ம லயத்து விஜிதா குடுத்தா. இவகிட்ட ஒரு சொட்டு எடுக்க விடலைங்க!"

"எடுத்த ஆள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இவ மொகத்தப் பாத்து, ரத்தம் எடுக்க வந்த அந்தம்மாவும் விட்டுட்டாங்க."

ஏசுவதற்கென்றே பஸ்ஸில் நல்ல வசனங்கள் தயாரித்து வைத்திருந்தேன். அவற்றை அப்படியே திரும்பக் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்காக ஊசி குத்திக்கொள்ள நான் வேலை செய்யும் கந்தோரில் ஒருவரும் இல்லை.

விஷயத்தை விளங்கப்படுத்தினேன். பெரியாயி முழுவதும் கேட்டுவிட்டுத் தன் கையையே நீட்டினாள்.

"அப்ப இந்தத் தடவ ரெண்டு குழாயா எடுங்க!"

"அக்கா, சும்மா இருங்க," என்றாள் பாக்கியலெட்சுமி. "இத நானே குடுக்கணும்."

குடுத்தாள். பெரியாயிதான் கண்ணை மூடிக்கொண்டாள்.

5.

மூன்று வாரம் கழித்துக் கடிதத்தோடு போனேன். கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) குறை இல்லை. பெரியாயி குலவையிட, லயமே—

(லயமே என்ன? எனக்கு வரவில்லை.)

ஆ) குறை இருக்கிறது. நடுங்கும் விரல்களில் கடிதம்—

(நடுங்கும் கடிதத்தை ஏற்கெனவே நான்கு கதைகளில் எழுதியாயிற்று.)

நடந்தது இது. பாக்கியலெட்சுமி பிரித்து, இரண்டு தரம் வாசித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. லயமே சுற்றி நின்றது.

"என்னாடி போட்டிருக்கு?" என்று பெரியாயி எட்டிப் பார்த்தாள்.

அவள் கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, போன தடவ வந்தப்ப இத கதையா எழுதப் போறேன்னீங்களே?"

"ஓம்."

"இவுங்க செஞ்சத எழுதுங்க. எம் பேரையும் எழுதிக்கங்க. இந்தக் கடுதாசில உள்ளத மட்டும் எழுதாதீங்க. மொதல்ல அவருகிட்ட சொல்லணும்."

மலைப்பாதையில் ஏறத் தொடங்கினாள். பெரியாயியும் பின்னால் கிளம்பினாள். நாலு பேர் சேர்ந்து பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

முடிவு எனக்குத் தெரியும். கடிதத்தை அச்சடித்தவன் நான். நீங்களும் இவ்வளவு தூரம் பொறுமையாக வந்திருக்கிறீர்கள், அதுவும் தெரிகிறது. ஆனால் நிரோஷன் மேல்மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருக்கிறான். வயிற்றோடு அவள் அங்கே ஏறி முடிக்க அரை மணித்தியாலம் பிடிக்கும். அவனுக்கு இன்னும் தெரியாது. அவனுக்கு முதல் உங்களுக்குச் சொல்ல என்னால் முடியாது.