பதினாலு வீட்டுக்கு ஒரு மீட்டர்

"பதினாலு வீட்டுக்கும் தனித்தனி மீட்டர் வேணும் அண்ணாச்சி. இந்த மனுவுல எல்லாம் ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க."

கேட்டேவிட்டாள் பிளஸ்ஸி. எதைக் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றைக்கே அவள் மேலதிகாரி பென்சன் சார் படித்துப் படித்துச் சொன்னாரோ, அதையேதான். "பல்பைப் பத்திப் பேசு, ஃபேனைப் பத்திப் பேசு, ஃபிரிட்ஜ் கதவை எம்புட்டு நேரம் திறந்து வைக்கலாம்னு கூடப் பேசு. வீட்டுக்காரங்ககிட்ட மீட்டர்னு மட்டும் வாயெடுத்துராத. பொறவு ஒருத்தனும் நம்மள வளவுக்குள்ள விடமாட்டான்."

சௌந்தரபாண்டியன் ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் வரிசையாகப் பதினாலு வீடு கொண்ட ஒரு வளவு கட்டி வாடகைக்கு விட்டிருப்பவர். பதினாலுக்கும் சேர்த்து ஒரே மீட்டர், அதுவும் அவர் பெயரில். லைட்டுக்கு இவ்வளவு, ஃபேனுக்கு இவ்வளவு, டி.வி.க்கு இவ்வளவு என்று மாசாமாசம் வாடகையோடு வாங்கிவிடுவார். ஓடினாலும் அதே காசு, ஓடாவிட்டாலும் அதே காசு.

அவர் பல் குத்திக்கொண்டே மனுக்கட்டைப் பார்த்தார். "ஏம்மா, நீ அவியளுக்குப் பல்பு குடுக்க வந்தியா, எனக்குப் பல்பு குடுக்க வந்தியா? போ, போ. ஒங்க சார்கிட்ட பேசிக்கிடுதேன்."

பிளஸ்ஸிக்கு இந்தப் புத்தி வந்தது போன வாரம், அந்த வளவில் குடியிருக்கும் வெள்ளத்தாய் வீட்டில்.

அவள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஏழைபாழைகள் குடியிருக்கும் தெருக்களில் மின்சாரத்தைச் சிக்கனம் பண்ண வைப்பது அதன் லட்சியம். ஆறு மாசத்துக்கு முன் வளவில் வீட்டுக்கு ரெண்டு எல்.இ.டி. பல்பும், கரண்டைக் குறைவாக இழுக்கிற ஃபேன் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். வெள்ளத்தாய் வீட்டில் நுழைந்து அண்ணாந்து பார்த்தால், பழைய ஃபேன்தான் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தது. புதுசு பத்திரமாக அட்டைப்பெட்டிக்குள், பீரோ மேல்.

"என்னக்கா இது? போட்டோ எடுக்கையில மேல மாட்டியிருந்துச்சே?"

"போட்டோ எடுத்தாச்சுல்ல, கழத்திட்டேன். எம்மவ கல்யாணச் சீருக்கு ஆகும்." மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து, காய்கிற சிமெண்டு ஷீட்டுக்கு அடியில் தூக்கத்துக்குப் போராடிக்கொண்டிருந்தாள் வெள்ளத்தாய். "பழசு ஓடுனாலும் அவருக்கு அதே காசு, புதுசு ஓடுனாலும் அதே காசு. பொறவு எதுக்குட்டி புதுச மாட்டித் தேய விடணும்? நாங்க மிச்சம் புடிச்சா யாருக்கு மிச்சம்? காலேஜ் படிச்ச புள்ளதான நீ, ரோசிச்சுப் பாரு."

பிளஸ்ஸி இயற்பியல் பட்டதாரி. அவள் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எட்டாங்கிளாஸ் தாண்டாத வெள்ளத்தாய்க்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போனதே என்று அன்றைக்கெல்லாம் அவளுக்கு மண்டை காய்ந்தது.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வீட்டுக்கென்று தனி மீட்டர் இருந்தால் ரெண்டு மாசத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். பழைய ஃபேன் பகலெல்லாம் சுற்றினால் வெள்ளத்தாய் நூறைத் தாண்டிவிடுவாள். புது ஃபேன் என்றால் தாண்டமாட்டாள். பில்லே வராது. அவள் நிம்மதியாகத் தூங்கலாம். இந்த மீட்டர் இல்லாததால் புதுசைப் பெட்டியில் வைத்துவிட்டு, காற்று வராத பழசுக்கு அடியில் அவள் வேர்த்துப்போய்க் கிடக்கிறாள். ஃபேனை மாட்டிய மற்ற வீடுகள் மிச்சம் பிடித்ததெல்லாம் சௌந்தரபாண்டியன் சட்டைப்பைக்குள் போகிறது. அவர் ஒரு வீட்டுக்கும் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

மறுநாளே மனுக்களை நிரப்பிப் பதினாலு வீட்டிலும் கையெழுத்து வாங்கினாள். வீட்டுக்காரர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது கிடைத்த லட்சணம்தான் மேலே சொன்னது.

பென்சன் சார் போன் பண்ணிவிட்டார். "ஒடனே ஆபீஸுக்கு வா."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெள்ளத்தாயைக் கூப்பிட்டாள். "அக்கா, கையெழுத்துப் போடமாட்டேங்காரு. காலி பண்ணச் சொன்னாலும் சொல்லுவாரு. என்ன செய்யப் போறீக?"

"பதினாலு வீட்டையும் ஒரே நாள்ல காலி பண்ணச் சொல்லுவாராமா? இந்த ஷீட்டுக்கு அடியில வெந்து சாக வேற யாரு வருவா? நீ வாட்டி, கரண்ட் ஆபீஸ் வாசல்ல போய் நிப்போம்."

அரை மணி நேரப் பஸ். பாதித் தூரத்திலேயே பிளஸ்ஸிக்கு நெஞ்சு லேசாகிவிட்டது.

ஆபீஸில் சௌந்தரபாண்டியன் அவளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தார். மேஜையில் பால்கோவா பொட்டலம் பிரித்தபடி இருந்தது. எடுத்துக்கோ என்று யாரும் சொல்லவில்லை.

"அண்ணாச்சிகிட்ட மன்னிப்புக் கேட்டுரும்மா," என்றார் பென்சன். "கேட்டுட்டு இந்த அறிக்கையில கையெழுத்துப் போடு. நிதி குடுக்கவங்க சனிக்கிழமை வாராங்க. அன்னைக்கே அண்ணாச்சிக்குப் பொன்னாடை."

"எதுக்கு சார் பொன்னாடை?"

"அவிய வளவு மீட்டர்ல மூணுல ஒரு பங்கு கொறஞ்சிருக்கு. முன்மாதிரி வீட்டு உரிமையாளர்."

"கொறச்சது குடியிருக்கவங்க சார். இவரு குறுக்க நின்னு வாங்கிக்கிட்டாரு. ஆறு மாசமா நாம இவருக்குத்தான் ஃபேன் மாட்டியிருக்கோம்."

"பாத்தீகளா பேச்ச?" சௌந்தரபாண்டியன் பென்சனைப் பார்த்துச் சொன்னார். "மீட்டர் வேணுங்கவ சொந்தமா வீடு கட்டிக்கிடட்டும். எங்கிட்ட இருக்கணும்னா எம்மீட்டர்தான்."

பென்சன் குரலைத் தணித்தார். "பிளஸ்ஸி, ஒன் வேலைய நிரந்தரம் பண்ணச் சொல்லி நேத்துதான் எழுதியிருக்கேன். வீட்டுக்காரங்களப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு எந்தத் தெருவுக்குள்ளம்மா நுழைய முடியும்? நல்ல காரியம் செய்ய வந்தவங்க நாம."

"நல்ல காரியம் யாருக்குன்னுதான் சார் கேக்கேன்."

பென்சன் அவள் பக்கமாக அறிக்கையைத் தள்ளி, பேனாவை அதன் மேல் வைத்தார்.

பிளஸ்ஸி வாசித்தாள். வழவழ காகிதம், அட்டையில் சிரிக்கும் வெள்ளத்தாய், தலைக்கு மேல் புது ஃபேன். கடைசிப் பக்கத்தில், களப்பணியாளர் கையொப்பத்துக்கு மேலே ஒரு வரி: 'பயனடைந்த குடும்பங்கள்: 14.'

பேனாவை எடுத்தாள். பதினாலை அழுத்தி அடித்தாள். பக்கத்தில் 1 என்று எழுதினாள். அதற்குக் கீழே, இதுவரைக்கும் போடாத அளவு பெரிசாகக் கையெழுத்துப் போட்டாள்.

"சரி பாத்துட்டேன் சார். இதுதான் சரி."

"ஏட்டி!" என்று எழுந்தார் சௌந்தரபாண்டியன். "பிளஸ்ஸி, செத்த நேரம் உக்காரும்மா," என்றார் பென்சன்.

நிறுவனத்து அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிப் பால்கோவா பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பையில் பதினாலு மனுவும் இருக்கிறதா என்று ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு, ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க வெளியே நடந்தாள்.