வட்டமும் கட்டமும்

1979 மார்ச், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானசுந்தரம் ஒரு தாளில் படம் போட்டார். ஆணுக்குக் கட்டம். பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ள கட்டங்களுக்கு மை தீட்டினார். ஒன்று இராசம்மாவின் மகன் பழனியப்பன். பத்தொன்பது வயது. அடுத்த வார்டில் உடம்பு வீங்கிக் கிடந்தான். மற்றொன்று அவளுடைய அண்ணன் மாடசாமி. இருபத்தெட்டில் இறந்தவர்.

“பையனப் போலவே உங்க அண்ணனுக்கும் காது கேக்காதா?”

“கேக்காதுங்க. ரெண்டு பேருக்குமே தேயில பெக்டரியில எல உருட்டுற மெசினுலதான் வேல. அந்தச் சத்தத்துல போயிருச்சுன்னு நெனச்சோம்.”

“மெசின் இல்லம்மா. கிட்னியக் கெடுக்கிற நோவுதான் காதையும் கெடுக்குது. பரம்பரையா வர்றது. ரொம்ப அபூர்வம்.”

இராசம்மாவின் வட்டத்தில் பாதிக்கு மை போட்டார். பெண்கள் இதைச் சுமப்பார்கள். பலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. மூத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போகும். பிள்ளைகளில் யாருக்குக் கொடுப்பார்கள் என்று சொல்ல முடியாது.

“எங்கண்ணனுக்கு ஒரு மகன் இருக்கான்.”

“அப்பாகிட்டேருந்து மகனுக்கு இது போகாது. அவனுக்குப் பயமில்ல. உங்களுக்குப் பொண்ணு இருக்கா?”

“ஒண்ணு.”

“கூட்டிட்டு வாங்க. மூத்திரம் பாக்கணும்.”

அவள் கணவர் சிவசாமி வெளியே சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் என்ன நோய் என்று கேட்டார்.

“பரம்பரை நோவாம்” என்றாள்.

“அப்ப உங்கண்ணன் வெத. அவன் மவனுக்கா எம்பொண்ணு? நல்லவேள, ருக்குமணி தப்பிச்சா.”

மாடசாமியின் மகன் காளியண்ணனுக்குத்தான் ருக்குமணி என்று அவள் பிறந்த அன்றே பேசியிருந்தார்கள். மாமன் மகன். உரிமை.

“டாக்டரு வேற என்ன சொன்னாரு?”

தாப்பாவைத் தாண்டி பஸ் மலை ஏறிக்கொண்டிருந்தது. இராசம்மா வளைவுகளைப் பார்த்தாள்.

“அவ்ளோதான்.”

பழனியப்பன் ஜூனில் இறந்தான். ரத்தம் சுத்தம் செய்யும் மெசின் கோலாலம்பூரில் இருந்தது. வரிசையில் அவன் பெயரும் இருந்தது.

ஆறு மாதம் கழித்து கம்போங் ராஜாவிலிருந்து மாப்பிள்ளை வந்தான். காய்கறி லோரி ஓட்டுபவன். காளியண்ணனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சிவசாமி கள்ளுக்கடையில் சொன்னார். ஒரு வாரத்தில் தோட்டத்தின் எல்லா லயத்து வீடுகளுக்கும் தெரிந்துவிட்டது.

இலை நிறுக்கும் இடத்தில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், “பாத்துலா, அவன் குடிச்ச மங்குல குடிச்சிராத. மொதல்ல காது போவும், அப்பறம் ஆளே போவும்” என்றாள். பெண்கள் சிரித்தார்கள். காளியண்ணன் இருபது அடி தள்ளி நின்றான். திரும்பிப் பார்த்தான். அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ருக்குமணி இல்லை என்றானதும் பிரிஞ்சாங்கில் அவனுக்குப் பெண் தருவதாகச் சொன்னவர்கள் பிறகு பேச வரவில்லை.

ருக்குமணி தினமும் நாற்பது கிலோ கொழுந்து கிள்ளினாள். முகம் வீங்கவில்லை. கால் வீங்கவில்லை. இராசம்மா அதைத் தினமும் பார்த்தாள். ஈப்போவுக்குக் கூட்டிப் போகவில்லை. டாக்டர் சொன்னதை வெளியே சொன்னால் ருக்குமணியை யாரும் கட்டமாட்டார்கள். சொல்லாவிட்டால் காளியண்ணனுக்கு யாரும் பெண் தரமாட்டார்கள். ருக்குமணி அவள் மகள்.

பெண்ணை வெளியே கொடுத்தால், உரிமைக்காரன் சம்மதம் என்று வெற்றிலை வாங்க வேண்டும். அவன் வாங்காமல் பந்தக்கால் ஊன்றக் கூடாது.

“ஒன் அண்ணன் மவன். நீயே போ” என்றார் சிவசாமி.

தட்டில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு. இராசம்மா தனியாகப் போனாள். காளியண்ணன் வாசலில் மருந்தடிக்கும் பம்பைக் கழுவிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து கையைத் துடைத்தான்.

“வாங்க அத்தே. நீங்க மட்டுமா? மாமா வரலியா?”

“அவருக்கு மேலுக்கு முடியல.”

“நேத்து டவுன்ல நல்லாத்தான நின்னாரு.”

அவள் தட்டை நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

“வாங்கிக்கிட்டேன். கால் ஊனச் சொல்லுங்க. மாப்புள நல்லவருதான். எனக்குத் தெரியும்லா.”

“நீ நல்லா இருக்கணும்யா” என்று சொல்லி அவள் திரும்பினாள்.

“அத்தே.”

நின்றாள்.

“அன்னிக்கு டாக்டரு ரூம்ல நீங்க மட்டுந்தான இருந்தீங்க? எனக்கும் அந்த நோவு இருக்குன்னு அவரு சொன்னாரா?”