பசை அறை ஃபேன்

செருப்புக் கம்பெனியின் பசை அறையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, பிரஷ்ஷால் அடித்தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் துப்பட்டா, துண்டு, கையில் கிடைத்த துணி. மறுநாள் கல்லூரி விழாவில் காட்டப் படம் எடுக்க வந்து, வாசலில் கேமராவோடு நின்ற மாணவிக்கு நெடி மூக்கில் ஏறியது.

"அக்கா, போட்டோவுக்கு மட்டும் துணிய எடுத்துடுறீங்களா?"

"எடுத்தா இருமல் பிச்சுக்கும்மா. நெடிய வெளிய இழுக்கற ஃபேன் ஓடுனப்போ இந்த வேஷமெல்லாம் கிடையாது" என்றாள் முதலில் இருந்தவள். "யாரோ காலேஜ் பசங்க வந்து, கரண்டு வீணாகுதுன்னு எழுதிக் குடுத்தாங்களாம். நல்லா இருக்கட்டும்!"

அந்தப் பசங்களுக்கு லீடரே கேமராவோடு நின்ற இந்த மாணவிதான்.

சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் நல்லது செய்ய ஒரு கம்பெனிக்கு யோசனை சொல்லுங்கள் என்று கல்லூரி இவர்களுக்கு ப்ராஜெக்ட் கொடுத்திருந்தது. வார நாளில் வகுப்பு. அதனால் ஞாயிற்றுக்கிழமை போய், ஆளே இல்லாத கம்பெனியை வளைத்து வளைத்து ஆராய்ந்தார்கள், சமர்த்துகள்! காலியான பசை அறையில் ஃபேன் வெட்டியாக ஓடுகிறது, நிறுத்தலாம் என்று எழுதினார்கள். முந்தின நாள் நெடி வெளியேறத்தான் அது ஓடுகிறது என்று சொல்ல அங்கே யார் இருந்தார்கள்? மேனேஜருக்கும் வசதியாகப் போயிற்று. எல்லா நாளும் நிறுத்திவிட்டார்.

அவள் கேமராவைத் தூக்கும்போதே கடைசியில் இருந்த பெண் அப்படியே சரிந்தாள். மற்றவர்கள் அவளைத் தூக்கி வெளியே கொண்டுபோனார்கள்.

"காலைல சாப்பிடாம வந்து உசுர வாங்குதுங்க" என்று சலித்துக்கொண்டார், அவளோடு வந்திருந்த மேனேஜர். "நீங்க எடுங்கம்மா. நாளைக்கு விழாவுல உங்க டீமுக்கே வேலை தர்றதா சொல்லப்போறேன்."

அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. விரல் பாட்டுக்குப் படம் எடுத்தது. வீட்டுக்குப் போனாள், குளித்தாள், சாப்பிட்டாள்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

மறுநாள் மேடை ஏறுமுன் விஷயத்தைச் சொன்னதும், டீமிலிருந்த சோடாபுட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "வாயத் திறந்து கெடுத்துடாத, ப்ளீஸ். வேலை கிடைச்சிடுச்சுன்னு வீட்டுல சொல்லிட்டேன்."

அவள் கையை விடுவித்துக்கொண்டு மைக்கின் முன் போய் நின்றாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"பசை அறை ஃபேன நிறுத்தச் சொன்னது நாங்கதான். தப்பு. லீவு நாள்ல போய்ப் பார்த்தோம். அங்க வேலை செய்யற ஒருத்தரக்கூடக் கேக்கல. நேத்து ஒரு பொண்ணு மயங்கி விழுந்துச்சு. சார், ஃபேனப் போடச் சொல்லுங்க."

முன்வரிசையில் இருந்த மேனேஜர் சிரித்து மழுப்பினார். "அத அப்புறம் தனியா பேசலாம்மா."

"இல்ல சார். இப்பவும் அவங்க உள்ளதான் உக்காந்திருக்காங்க. இப்பவே போன் பண்ணுங்க."

மொத்த அரங்கமும் அவரையே பார்த்தது. வேறு வழியில்லாமல் அவர் போனை எடுத்து, "பசை ரூம் ஃபேனப் போடுய்யா" என்றார். வேலை போயே போச்சு என்று சோடாபுட்டி தலையில் கைவைத்துக்கொண்டான். அவளுக்கும் தெரியும். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

"அடுத்த வருஷம் இந்த ப்ராஜெக்ட் செய்யப்போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அடுத்தவங்க மூச்ச அடைச்சு கரண்ட மிச்சம் பிடிக்கறதுக்குப் பேரு சமூகப் பொறுப்பு இல்ல. யாருக்கு நல்லது செய்யப்போறோமோ, மொதல்ல அவங்க எதிர்ல போய் உக்காந்து கேளுங்க. நாங்க கேக்கல."