திரும்பி வரும் தேதி

லாரி ஷெட் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருக்கிறார்கள். டிரைவர்கள் தேவையாம். மாதச் சம்பளம், காத்திருக்கும் நேரத்துக்குத் தனிப் பணம், படுக்கை வைத்த கேபின், வாரம் ஒரு நாள் கட்டாயம் வீடு. படித்ததும் எனக்கு வயிற்றெரிச்சல். இருபத்தேழு வருடம் ஸ்டியரிங் பிடித்து முதுகு போன பிறகு இதையெல்லாம் எதற்கு என் கண்ணில் காட்ட வேண்டும்?

ஆனாலும் அந்தச் சுவரை விட்டு நகர மனம் வரவில்லை. நாங்கள் பத்துப் பேர் பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து இதே பட்டியலைப் போட்ட நாள் ஞாபகம் வந்துவிட்டது. என்ன நாள் அது! ஆளுக்கொரு டீ, ஆளுக்கொரு கோரிக்கை, அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே பேனா. அப்படிக் கூடி உட்கார்ந்தது அதுதான் கடைசி. அதற்குக் காரணமும் நான்தான்.

அப்போது எங்களுக்கு ட்ரிப் கணக்கில்தான் கூலி. சரக்கு இறக்கும் கிடங்கு வாசலில் இரண்டு நாள் வண்டி நின்றாலும் சல்லிக்காசு கிடையாது. இறக்கி முடித்தால் அங்கிருந்தே இன்னொரு லோடு ஏற்றி வேறெங்கோ அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு எப்போது திரும்புவோம் என்பது எங்களுக்கும் தெரியாது, அனுப்பிய முதலாளிக்கும் தெரியாது.

முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரு பழக்கம். எந்தத் தாளை நீட்டினாலும் முதல் வரியைப் படிப்பார், "செஞ்சிடலாம்" என்பார், சொன்னபடி செய்தும் விடுவார். தாள் டிராயருக்குள் போய்விடும். இரண்டாவது வரியை அவர் பார்த்ததாகச் சரித்திரமே இல்லை. வண்டி ரிப்பேர் எழுதிக் கொடுக்கும்போதுகூட நாங்கள் பிரேக்கைத்தான் முதலில் எழுதுவோம். மற்றதெல்லாம் ஒப்புக்கு.

ஆகவே முதல் வரி எது என்பதில்தான் சண்டை. எங்களில் தினமும் பேப்பர் படிக்கிறவன் ஒருவன் இருந்தான். வாத்தியார் என்று கூப்பிடுவோம்.

"காத்திருக்கிறதுக்குக் காசு. அதான் மொதல்ல," என்றான் அவன். "மூணு மாசமா நான் வாடகை குடுக்கல. சாமானத் தூக்கி வெளிய வச்சிருவேன்கிறார் வீட்டுக்காரர்."

"கெளம்பும்போதே திரும்பி வர்ற தேதியச் சொல்லிடணும்னு எழுதுவோமே," என்றேன் நான்.

"தேதிய வச்சு என்ன, நாக்கு வழிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அசடு வழியச் சிரித்தேன். என் கோரிக்கை ஏழாவது இடத்துக்குப் போயிற்று. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் பட்டியலைப் பிரதி எடுக்கும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. வெற்றுத் தாளின் அடியில் பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்குத்தான் நாற்பது நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது என் மகள். நாலு வயது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காரு!"

மனைவி ஓடி வந்தாள். "அடியே, உங்க அப்பாடி இது!" என்று மகளின் தலையில் தட்டினாள். என்னிடம் திரும்பி, "இப்படித் தாடியோட வந்து நின்னா புள்ள என்ன பண்ணும்?" என்றாள்.

சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தேன். கையைக் கழுவிவிட்டுத் தாளை எடுத்தேன். முதல் வரியில், திரும்பி வரும் தேதி. ஏழாவதில், காத்திருப்புக் காசு.

முதலாளி படித்தார். "செஞ்சிடலாம்," என்றார். மறுநாளே ஆபீஸில் ஒரு கரும்பலகை வந்தது. ஒவ்வொரு வண்டி நம்பருக்கும் எதிரில் திரும்பும் தேதி, கிழமை, சாக்பீஸால். வாத்தியார் பலகையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"அடப்பாவி! எங்க கையெழுத்த வச்சு உன் காரியத்த முடிச்சுக்கிட்டியா?"

சட்டையைப் பிடித்தான். விலக்கிவிட ஒருவனும் வரவில்லை. அந்த மாதமே அவன் வீட்டைக் காலி செய்துவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மச்சான் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டான். காத்திருப்புக் காசு வர இன்னும் மூன்று வருடம் ஆயிற்று. அதற்குப் பிறகும் அவன் என்னோடு பேசவில்லை. நான் செய்தது துரோகம். அதற்கு வேறு பெயர் சொல்ல இன்றைக்கும் எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் தாளை இப்போது கொடுத்தாலும் அப்படியேதான் எழுதுவேன்.

என் வண்டிக்கு எதிரில் வியாழன் என்று போட்டிருந்தது. அதை மகளிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். வியாழக்கிழமை மத்தியானம், வழியிலேயே சவரம் செய்துகொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். எங்கள் வீட்டுப் படியில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்தே ஒருவரையும் எழுந்து போக விடவில்லையாம் என் மகள். என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்து, கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டு, என்னை நோக்கிக் கையை நீட்டினாள்.

"பாத்தீங்களா? எனக்கும் அப்பா இருக்காருன்னு சொன்னேன்ல?"