பன்னிரண்டா, பதினாலா

...பன்னிரண்டு என்றே எழுதிவிட்டால்தான் என்ன, போன வருஷமும் அதுதானே இருந்தது, யார் கேட்கப் போகிறார்கள்... பெரிஹான் பேனாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். விதைக் கடை மாடியில் வில்லாளர் சங்கத்தின் ஒற்றை அறை, ஜன்னலுக்கு வெளியே கொன்யாச் சமவெளி வெயிலில் வெறுமனே கிடந்தது, நாளைக் காலை அங்கேதான் தூர எய்தல் போட்டி, இன்று நாலு மணிக்குள் பிரிவுகளின் விதிகளை எழுதிக் கதவில் ஒட்டியாக வேண்டும். வில் பிரிவு ஒருவழியாக முடிந்தது, அப்பாடா. கொம்பும் மரமும் நரம்பும் மட்டும் சேர்ந்த வில் ஒரு பிரிவு, கண்ணாடி நார் வைத்தது இன்னொரு பிரிவு, இதற்கே ஒன்றரை மணி நேரம். கடைப் பசை போட்டு ஒட்டியதைக் கொம்பு வில் என்று சொல்ல நாக்குக் கூசவில்லையா, மீன் பசைதான் பசை என்று தலைவர் ரஹ்மி பெய் மேசையைத் தட்ட, அப்போ உங்க பல்செட்டை எந்த மீனு ஒட்டுச்சு என்று எதிரே உட்கார்ந்திருந்த தைஃபூர் கேட்க, மனிதர் தேநீர் சிந்தச் சிரித்துவிட்டார், பசை எதுவானாலும் சரி என்று ஆயிற்று. மிச்சம் இருப்பது ஒரே ஓர் எண். கொம்பு வில்லில் எய்யும் அம்பு குறைந்தது எத்தனை கிராம் இருக்க வேண்டும். எண் சின்னதானால் அம்பு தூரம் போகும், ரொம்பச் சின்னதானால் வில்லின் வேகம் தாங்காமல் நாணை விட்ட கணமே உடையும், இது இந்த அறைக்குள் வந்துபோகும் எல்லோருக்கும் தெரியும், எழுதுகிறவளுக்குத் தெரியாதா?

பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது. மேசை மேல் கிடக்கும் தைஃபூரின் இடது கை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புழுவைப்போல் ஒரு தழும்பு, அந்த இரண்டு விரலும் இனி முழுசாக மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், மினிபஸ் ஓட்டுகிறவன், ஸ்டியரிங்கை உள்ளங்கையால் அழுத்தித்தான் திருப்புகிறான், அவள் அந்த வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள். போன ஜூனில் அவனுடைய முதல் அம்பு நானூற்று எண்பத்தாறு மீட்டர், சங்கத்தில் எவனும் தொடாத தூரம், ஊரே கை தட்டியது. இரண்டாவது அம்பை மணிக்கட்டில் கட்டிய பலகையின் மேல் வைத்து, அதன் முனை வில்லின் உட்பக்கம் வரும்வரை இழுத்து, வில்லாளர் வழக்கப்படி யா ஹக் என்று கத்திக்கொண்டே நாணை விட்டான், அந்தக் கத்தல் பாதியிலேயே வேறு கத்தலாக மாறியது, உடைந்த மூங்கில் அம்பு கைக்குள் இறங்கியிருந்தது. அம்பில் கோளாறு என்றார்கள். அம்பில் என்ன கோளாறு, பன்னிரண்டு கிராமுக்குச் சுத்தமாகச் சீவிய அம்பு, அவள் எழுதின எண்ணுக்கு அப்படியே.

அந்த எண் எங்கிருந்து வந்தது? ஒரு பழைய வீட்டின் கண்ணாடிப் பெட்டியிலிருந்து, இருநூறு வருஷத்து அம்பு ஒன்று, கெஞ்சி ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி, அவளுடைய மருந்துக் கடைக்குக் கொண்டுவந்து, மில்லிகிராம் காட்டும் தராசில் வைத்தாள்... சரியாகப் பன்னிரண்டு. அந்தக் காலத்து ஆட்களே இதைத்தான் எய்திருக்கிறார்கள், நாம் என்ன கூடுதல் கண்டோம் என்று கூட்டத்தில் எவ்வளவு பெருமையாகச் சொன்னாள், சீ, நினைத்தாலே உடம்பு கூசுகிறது. பிப்ரவரியில் ஒரு நாள் அன்றைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அம்பின் வால் பக்கம் மூன்று பசைக் கோடுகள், இறகு இல்லை. முனையில் தொப்பிபோல் மாட்டும் எலும்புக் குப்பியும் இல்லை. இறகைப் பூச்சி தின்று, குப்பி எப்போதோ உதிர்ந்து, மிஞ்சிய மொட்டைக் குச்சியை நிறுத்துச் சட்டமாக்கியிருக்கிறாள். புது இறகையும் குப்பியையும் நிறுத்துப் பன்னிரண்டோடு கூட்டிப் பார்த்தாள், குறைந்தது பதினான்கு வந்தது. நாலு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை.

பதினான்கு என்று எழுதினால் பன்னிரண்டு கிராம் பிரிவே இல்லை, பிரிவு போனால் தைஃபூரின் தூரமும் பட்டியலிலிருந்து போகும், விரலைக் கொடுத்து வாங்கிய ஒரே சொத்து அது, அதையும் பிடுங்குவதா? பன்னிரண்டு என்று எழுதினால் நாளை இருபத்து மூன்று பேர், இருபத்து மூன்று இடது கை... பாதுகாப்புக்காக ஏற்றினோம் என்று பூசி மெழுகலாம், காரணம் சொல்லாமல் தப்பிக்கலாம், ஆனால் இவன் முகத்தைப் பார்த்துக்கொண்டா?

"என்னக்கா, மருந்துச் சீட்டா எழுதுற? ஒரு நம்பருக்கு இம்புட்டு நேரமா?" என்றான் தைஃபூர். "பன்னெண்டுன்னு போட்டுத் தள்ளு. என் தூரம் அதுலதான் நிக்குது."

"கதவுல ஒட்டப் பெரிய பேப்பர் வாங்கிட்டு வரேன், அதுக்குள்ள முடிச்சிருக்கணும்" என்று ரஹ்மி பெய் படியிறங்கிப் போனார். அவருடைய செருப்புச் சத்தம் கீழே போய் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு சொல்லிவிட்டாள், ஒரே மூச்சில், இறகு, குப்பி, படம், பிப்ரவரி எல்லாம், "உன் கை என்னாலதான் போச்சு தைஃபூர்" என்பதையும். கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தட்டும், கிளாசைத் தூக்கி வீசட்டும். அவன் சர்க்கரைக் கட்டியைத் தேநீரில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தான்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு உன் கடையில அந்த அம்பு வந்த பெட்டியப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தானே. மொட்டைன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. சொன்னா நீ கிராம் ஏத்திடுவ. எனக்குத் தூரம் வேணும், வாயைப் பொத்திக்கிட்டேன். பலனையும் நான்தான் அனுபவிச்சேன், விடு." ஒரு வாய் குடித்தான். "அக்காவும் ஒண்ணும் பேசலையேன்னு பார்த்தேன். சரி, நம்ம சங்கத்துக்குப் பெரிய தூரம் வரணும்னு உனக்கும் ஆசைபோலன்னு நெனச்சுக்கிட்டேன்."

"நான் பார்க்கவே இல்லடா!"

"பார்க்காம என்ன? குப்பி இருக்கவேண்டிய எடத்த விரலால தடவினியே, ரெண்டு வாட்டி. அப்புறந்தானே தராசுல வச்ச."

பெரிஹான் பதினான்கு என்று எழுதினாள், கீழே கையெழுத்துப் போட்டாள், அதில் இனி யோசிக்க ஒன்றுமில்லை. பாவத்தில் பாதி அவனுடையது என்று ஆகிவிட்டது, நெஞ்சு லேசாக வேண்டும், ஆகவில்லை. தடவினோமா... அன்றைக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தது நினைவிருக்கிறது, தராசின் கண்ணாடிக் கதவைத் திறந்தது, பன்னிரண்டு என்று சிவப்பாக எண் வந்து நின்றது, உள்ளே ஒரு துள்ளல்... அதற்கு முன்னால்? பொய் சொல்ல அவனுக்கு என்ன தேவை, அதுவும் இப்போது? கவனிக்கவில்லை, கவனிக்கவில்லை என்று நாலு மாதமாகத் தனக்குத் தானே சொல்லி அழுதது ஒருவேளை... படியில் ரஹ்மி பெய்யின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது, அவள் காகிதத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தாள், தடவியிருந்தால் விரலுக்குத் தெரிந்திருக்குமே, தெரிந்த பிறகுதான் தராசில் வைத்தோமா?