நாலு செகண்ட்

பாட்டுக்குச் சூடு ஏற்றித் தருகிறேன் என்று சொல்லி விற்கிற ஐந்து பிளகின்களை, அதாவது சத்தத்தை மாற்றுகிற குட்டி சாஃப்ட்வேர்களை, அன்று காலையில் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்திருந்தேன். ஐந்தும் பதினைந்து நாளைக்கு இலவசம். ஐந்துக்கும் முகப்பில் மரச்சட்டம் போட்ட பழைய மெஷின் படம், நடுவில் ஒரு குமிழ். குமிழைத் திருப்பினால் குரலில் லேசாகக் கரகரப்பு சேர்ந்து சத்தம் தடித்துக் கேட்கும். சாச்சுரேஷன் என்று பெயர். அந்தக் காலத்து டேப் மெஷின் தன் குறைபாட்டால் செய்த காரியத்தை இப்போது விலை போட்டு விற்கிறார்கள். ஒன்றின் விளம்பரத்தில் ஓர் ஆள் கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகித் தலையாட்டுகிறார். காசுக்கு ஆடுகிற தலை என்று திட்டிக்கொண்டே அதை மூடினேன்.

என் பெயர் நவுஷாத். கள்ளக்குறிச்சி சேலம் மெயின் ரோட்டில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே என் ஸ்டுடியோ. சுவரில் ஒட்டிய பஞ்சைப் பாதி எலி தின்றுவிட்டது. கட்சிப் பாட்டு, கூழ் ஊற்றுகிற பாட்டு, காதுகுத்துப் பாட்டு, கண்ணீர் அஞ்சலிப் பாட்டு என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன். வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான், சத்தம் ஜாஸ்தி வேண்டும். செத்துப்போன அப்பாவுக்குப் பாட்டுப் போடுகிறவரும் காது கிழிய வேண்டும் என்றுதான் கேட்கிறார். இந்த ஊரில் அழுகைக்கும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்.

ஜெயசுதாவின் பாட்டு அந்த ரகம் இல்லை. வெள்ளிமலைக்கு அப்பால் இருக்கிற ஒரு மலைக் கிராமத்துப் பெண் அவள். புருஷன் அய்யப்பன் ஆந்திராப் பக்கம் மரம் வெட்டப் போன இடத்தில் பிடிபட்டு, ஒன்றரை வருஷமாக ஜெயிலில் இருக்கிறான். அவனை நினைத்து அவளே கட்டின பாட்டு. கிராமியப் பாட்டுக்கென்று யூடியூப் சேனல் நடத்துகிற இளவரசன் அதை எங்கேயோ கேட்டுவிட்டு, என்னையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு போன மாசம் மலை ஏறினான். அவள் வீட்டிலேயே பதிவு செய்தோம். அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"போடறதுக்கு முன்ன எனக்குப் போட்டுக் காட்டணும். அவரப் பத்தின பாட்டு. நாலு பேரு கேட்டா கேசுக்கு ஒரு வழி பொறக்கும்னுதான் பாடறேன். கண்டபடி ஆக்கிடாதீங்க."

பாட்டில் ஒரு இடம் உண்டு. 'கடுக்கா மரம் பூத்தாச்சு, கதவத் தட்ட ஆளில்ல. போட்ட சோறு ஆறிப்போச்சு, போன மனுசன் வரவில்ல.' பதிவில் 'போன மனுசன்' என்றதும் அவள் நிறுத்திவிட்டாள். நாலு செகண்ட் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம்தான் 'வரவில்ல' வந்தது. இருபது வருஷத் தொழிலில் அப்படி ஒரு நிறுத்தத்தை நான் கேட்டதில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது என்றுகூடச் சொல்லலாம்.

பத்து மணிக்கு இளவரசன் வந்தான். வந்ததும் என் போனை வாங்கி, பாட்டைப் போட்டு, டீ குடிக்கிற சில்வர் டம்ளருக்குள் இறக்கிக் காதை வைத்தான். அவன் பாட்டைச் சோதிக்கிற முறை அது. லட்ச ரூபாய் ஸ்பீக்கர் வைத்தாலும் அவனுக்கு டம்ளர்தான்.

"இன்னா பாய் இது, காத்து போன டயர் மாதிரி கீது. பஸ்ல போட்டா ஹாரன்லயே முழுங்கிடும். மத்த சேனல்காரன்லாம் எப்டி அலற வுடறான்."

"எவ்ளோ ஏத்தினாலும் யூடியூப் அவன் அளவுக்குக் கம்மி பண்ணித்தான் போடுவான்னு பத்து வாட்டி சொல்லிட்டேன் இளவரசு."

"அதெல்லாம் வேல செய்ய சோம்பேறித்தனம் பாய். நடுவுல ஒரு கேப்பு வேற. ஜனம் பாட்டு முடிஞ்சிட்சுன்னு தள்ளி வுட்டுக்கினு போய்டும். அங்க ஒரு உடுக்கை அடிச்சு வுடு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்த நாலு செகண்ட்தான் பாட்டின் உயிர், அதில் கை வைக்கிறதாக இருந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள் என்று கத்தினேன். ஒரு பொம்பளையின் ஒன்றரை வருஷம் அந்த இடத்தில் இருக்கிறது என்று பெரிய பிரசங்கமே செய்தேன். அவன் மோவாயைச் சொறிந்தபடி கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அப்ப அதையே தலைப்பா வெச்சுடலாம். நாலு செகண்ட் மௌனம். சூப்பரா ஓடும். ஆனா சத்தம் ஏத்து."

மனுஷன் எதைத் தொட்டாலும் சரக்காகிவிடுகிறது. அவன் மேல் இருந்த வெறுப்பில், எவ்வளவு அசிங்கமாக ஆகும் என்று காட்டிவிடுவோம் என்று லிமிட்டரைத் திறந்தேன். பாட்டில் உயர்ந்து நிற்கிற சத்தத்தை உச்சந்தலையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, அடியில் கிடப்பதையெல்லாம் மேலே தூக்கிவிடுகிற சமாச்சாரம் அது. தடித்த கரகரப்பும் சேர்த்து, சத்த மீட்டரின் முள் சிவப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்வரை ஏற்றினேன். பாட்டு ஓடியது. 'போன மனுசன்' என்று ஜெயசுதாவின் குரல் தகரம் கிழிகிற மாதிரி வந்து நின்றது. அதற்கு அடியிலிருந்து, இதுவரை கேட்காத ஒரு பேச்சு எழுந்து வந்தது.

"புருசன் உள்ள இருக்கங்காட்டியும்தான் பாய் கொரல்ல இந்த சோகம். வெளிய வந்துட்டான்னா நமக்கு யூஸ் இல்ல."

இளவரசனின் கிசுகிசுப்பு. அதன் பின்னாலேயே மூக்கால் ஒரு சிரிப்பு. சின்னதுதான். யாருடையது என்று எனக்குக் கேட்கவே வேண்டியதில்லை, என் வீட்டில் என் பெண்டாட்டி நடித்துக் காட்டுகிற சிரிப்பு அது. அன்றைக்கு இளவரசன் என் ஹெட்போனில் ஒரு பக்கத்தைத் தூக்கிக் காதில் ஏதோ சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. என்ன சொன்னான் என்பதையே நான் மறந்திருந்தேன்.

"ஐயே, நம்ம கொரலு விழுந்துட்சா," என்றான் இளவரசன், சட்டையில் ஏதோ சிந்திவிட்டதுபோல. "அத மட்டும் தொடச்சுடு பாய். தியாகதுருகத்துல கல்யாணம், சாப்ட்டுட்டு வந்துடறேன்."

அவன் போனபிறகு பாத்ரூமுக்குப் போய் வாயைக் கொப்பளித்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. நாறியது நான் குடித்தது எதுவும் இல்லை. பிறகு வந்து உட்கார்ந்து துடைக்கிற வேலையைச் செய்தேன். அதற்கும் பிளகின் இருக்கிறது. பேச்சை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, அந்த அறையின் வெறும் சத்தத்தை அங்கே நிரப்பும். ஒரு மணி நேரத்தில் நாலு செகண்டும் சுத்தமாகிவிட்டது. சத்தத்தையும் இறக்கி மரியாதையான அளவில் வைத்தேன். வேலை அவ்வளவு நேர்த்தியாக வந்தது. நேர்த்தியாக வந்ததில் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

இரண்டு மணி வாக்கில் ஜெயசுதா வந்தாள். காலையில் மலையிலிருந்து பஸ் ஏறியவள். ஒரு பையில் கடுக்காய் கொண்டு வந்திருந்தாள், இருமலுக்கு ஆகும் என்று மேஜைமேல் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பாட்டைப் போட்டேன்.

கையைக் கட்டிக்கொண்டு நின்றபடி கேட்டாள். 'போன மனுசன்' வந்தது. நாலு செகண்ட். 'வரவில்ல.' பாட்டு முடிந்தும் அவள் அப்படியே நின்றாள்.

"சிரிப்பு எங்கண்ணா?" என்றாள்.

நான் ஸ்பீக்கரை அணைத்தேன்.

"நான் பாடிக்கினு இருக்க சொல்லவே கேட்டுச்சு. ரெண்டு பேரும் பின்னால நின்னு பேசனது, நீங்க சிரிச்சது. அதான் வாய் நின்னுபோச்சு. வெளிய போங்கடான்னு சொல்லிடலாமான்னு பாத்தேன். அப்புறம் அவரு மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. பாடி முடிச்சுட்டேன்."

ஒரு மாசமாக நான் கண் கலங்கிக் கேட்டது அதைத்தான். அவள் துக்கம் என்று நினைத்துப் பிரசங்கம் செய்து காப்பாற்றியது, எங்களை என்ன செய்வது என்று அவள் யோசித்த நேரம்.

"மன்னிச்சுடும்மா," என்றேன்.

"நெசமா சிரிப்பு வந்து சிரிச்சீங்களா, அந்த சேனல்காரரு சொன்னாரேன்னு சிரிச்சீங்களா?"

"அவன் சொன்னானேன்னுதான்."

"அது இன்னும் மோசம்ணா."

அவள் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. எனக்கு என்மேல் அப்படியொரு அருவருப்பு, உட்கார்ந்திருந்த நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன். காலையிலிருந்து பிளகின்காரனை, விளம்பரத்துக்காரனை, இளவரசனை, ஊரை என்று திட்டித் தீர்த்தவன் நான்.

"அத அழிச்சுடுங்க," என்றாள். "எல்லாத்தையும். நான் பாக்கணும்."

பதிவை அழித்தேன், வைத்திருந்த நகலையும் அழித்தேன், குப்பைத்தொட்டியையும் காலி செய்து காட்டினேன். போனில் இருந்ததையும் அவளே வாங்கி அழித்தாள். பிறகு தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, மைக்கைக் காட்டினாள்.

"இன்னொரு வாட்டி பாடறேன். நீங்க வெளிய இருங்க."

எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கட்டில் போய் நின்றேன். கீழே செருப்புக் கடைக்காரர் யாருக்கோ அளவு சரியில்லை என்று பேசிக்கொண்டிருந்தார். சேலம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. ஆறு நிமிஷம் கழித்து அவளே கதவைத் திறந்தாள்.

போட்டுப் பார்த்தோம். பஸ் ஹாரன் லேசாக விழுந்திருந்தது. 'போட்ட சோறு ஆறிப்போச்சு, போன மனுசன் வரவில்ல.' ஒரே மூச்சில் பாடியிருந்தாள், எங்கேயும் நிற்கவில்லை. அந்த ஐந்து பிளகினில் ஒன்றையும் நான் தொடவில்லை. அவள் சரி என்று தலையசைத்துவிட்டு, மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினாள். பாட்டை இளவரசனுக்கு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் போன் வந்தது, பின்னால் பந்திச் சத்தம்.

"பாய், நாலு செகண்ட் கம்மியா கீதே. அந்த கேப்பு எங்க? நீதான அவங்க உயிரே அதுலதான் கீதுன்னு சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேன் இளவரசு," என்றேன். "அது அவங்களுது இல்ல. நம்மளுது."